மாத்திரையில் எண் ஏறிவிட்டது, பிறகு வெயில் எதற்கு?

கதவோரம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். வெளிச்சம் கணினியில் பட்டுக் கண் கூசுகிறது என்று முதல் வாரத்திலேயே ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டு மூடினேன். அப்புறம் அதை விலக்கவே இல்லை. காலை ஒன்பதுக்கு எழுந்து ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை தவிர வாசலைத் தாண்டாத வாரங்கள் நிறைய உண்டு.

போன வருடக் கடைசியில் கெண்டைக்கால் வலியும் முதுகு வலியும் வந்தன. மாடி ஏறினால் தொடை கனக்கும். ரத்தம் பார்த்ததில் வைட்டமின் டி 11 நானோகிராம்தான் இருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மூன்று மாதம் ஒருநாளும் விடாமல் போட்டேன். இப்போது 34. வலி நன்றாகவே குறைந்துவிட்டது.

ஆனால் தூக்கம் அப்படியேதான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு முன்னால் கண் அசருவதில்லை. பகலெல்லாம் மந்தம், எதிலும் ஒட்டாத மனநிலை. இதைச் சொன்னபோது மருத்துவர், "தினமும் காலையில் வெளியே போய் இருங்கள்" என்றார். அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டதால் ஏன் என்று கேட்க முடியவில்லை.

என் சந்தேகம் இதுதான். வெயிலில் கிடைப்பது வைட்டமின் டி. அது எனக்கு மாத்திரையிலேயே வந்துவிட்டது. பிறகு வெளியே போய் நிற்பதால் வேறு என்ன கிடைக்கும்? படித்ததாக இருந்தாலும் சரி, பட்டதாக இருந்தாலும் சரி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நத்தைக்கூடு எழுதியது:

காலை ஆறரை மணி இளவெயிலில் அரை மணி நேரம் நில்லுங்கள். வைட்டமின் டி தானாக வரும். மாத்திரையே வேண்டாம்.

செவ்வந்தி எழுதியது:

நத்தைக்கூடு, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் இதைத் திருத்தாமல் விட முடியவில்லை. நான் மருந்தியல் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் யாராவது இதையே சொல்வார்கள்.

தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்று ஒரு பொருள் இருக்கிறது. 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா-பி கதிர் அதன் மேல் விழ வேண்டும். விழுந்தால் அது முன்வைட்டமினாகி, உடல் சூட்டில் மெல்ல மெல்ல வைட்டமின் டி3 ஆகிறது. அதன்பின் கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாம் பார்க்கும் எண் கல்லீரலைத் தாண்டி வந்த பொருளின் அளவு.

சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர் சாய்வாக வருகிறது. காற்று மண்டலத்துக்குள் அது கடக்கும் தூரம் அதிகம். வழியிலேயே ஓசோன் பி கதிரை உறிஞ்சிவிடும். அதனால் ஆறரை மணி வெயில் இதமாக இருக்கும், ஆனால் அதில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் மிகக் குறைவு. எந்த நேரம் சரி என்று அறியக் கடிகாரம் வேண்டாம், நிழலைப் பார்த்தால் போதும். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் தோலில் பெரிதாக எதுவும் நடக்காது. உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வேலை நடக்கிறது. எந்த நாட்டிலும் எந்தப் பருவத்திலும் இந்தக் கணக்கு பொருந்தும். பூமத்திய ரேகையிலிருந்து வெகுதூரம் போனால் குளிர்காலத்தில் நடுப்பகலில்கூட நிழல் குட்டையாகாது. அங்கே மாதக்கணக்கில் தோல் வைட்டமின் டி உண்டாக்காமலே கழியும்.

மூடிய ஜன்னலுக்குள் உட்கார்ந்து வெயில் காய்வதும் இதற்கு உதவாது. சாதாரணக் கண்ணாடி பி கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். புற ஊதா-ஏ கதிர் மட்டும் பெருமளவு உள்ளே வரும்.

எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள், எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண் கிடையாது. கருமை கூடிய தோலில் மெலனின் அதிகம், அது கதிரைத் தடுப்பதால் வெளிறிய தோலைவிடப் பல மடங்கு நேரம் தேவைப்படும். வயது, உடை, மேகம் எல்லாம் சேர்ந்து கணக்கை மாற்றும். ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொது. ஓர் அளவுக்கு மேல் கதிர் பட்டால் அந்த முன்வைட்டமினே உடைந்து வேலைக்கு உதவாத வேறு பொருள்களாகிவிடும். தோலுக்குள்ளேயே கடிவாளம் இருக்கிறது. ஆகவே வெயிலால் வைட்டமின் டி மிகைப்பதில்லை. கூடுதலாக நிற்கும் நேரத்தில் தோல் கருகுவதுதான் மிச்சம்.

மாத்திரைக்கு அந்தக் கடிவாளம் இல்லை. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் நீங்களாகத் தொடர வேண்டாம்.

கதவோரம், உங்கள் தூக்கத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

இரவுப்பணி எழுதியது:

அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன். பதினோரு வருடம் இரவு வேலை பார்த்த செவிலி நான்.

நான் இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவில் ஜன்னலே கிடையாது. விளக்கு எந்நேரமும் ஒரே மாதிரி எரியும். காலை எட்டுக்கு வீட்டுக்கு வந்து, திரையை இழுத்துவிட்டுப் படுப்பேன். மாலை எழும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். சூரியனைப் பார்ப்பது அந்த ஒரு வழிநடையில் மட்டும்தான், அப்போதும் தூக்கம் கலைந்துவிடக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வேன்.

பகல் வேலைக்கு மாற்றினார்கள். இனி எல்லாம் சரியாகும் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் உடம்பு மாறவே இல்லை. காலையில் மருந்தை ஊசியில் ஏற்றும்போது கை நிதானமாக இருக்காது, ஒன்றுக்கு இரண்டு தடவை அளவைச் சரிபார்ப்பேன். இரவு பதினொன்றுக்கு மூளை பளிச்சென்று விழித்துக்கொள்ளும். நாலு மாதம் இப்படியே போனது. ஒரு மூத்த மருத்துவர்தான் சொன்னார்: எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போ, வானம் தெரியும் இடத்தில் இரு, கண்ணாடி போடாதே. வேறு மருந்து எதுவும் தரவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் இரவு பத்தரைக்குக் கொட்டாவி வந்தது. அந்தக் கொட்டாவி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

காரணத்தைப் பிறகுதான் படித்தேன். மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில், இரண்டு கண்களின் நரம்பும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியைவிடச் சிறிய ஒரு நரம்புத் திரள் இருக்கிறது. உடலின் கடிகாரம் அதுதான். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கடிகாரம் சரியாக 24 மணி நேரத்தில் சுற்றுவதில்லை, சராசரியாகப் பத்து நிமிடம்போல நீள்கிறது. தினமும் யாராவது முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பி வைப்பது காலை வெளிச்சம். அது கிடைக்காவிட்டால் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகும், தூக்கமும் கூடவே தள்ளிப்போகும். இரவு நேர வெளிச்சமும் அதே பக்கம்தான் தள்ளும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பார்ப்பதற்கு உதவும் செல்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் தனிச் செல்கள் விழித்திரையில் உண்டு. மெலனோப்சின் என்ற நிறமி அவற்றில் இருக்கிறது, சுமார் 480 நானோமீட்டர் நீல ஒளியில் அது அதிகமாகத் தூண்டப்படும். டேவிட் பெர்சனும் அவர் குழுவும் 2002இல் இதைக் காட்டினார்கள். பார்வையை முழுக்க இழந்த சிலருக்குக்கூட இந்தச் செல்கள் மட்டும் பிழைத்திருந்து, உடல் கடிகாரம் பகலோடு ஒத்துப்போகிறது. கடிகாரத்தின் உள்ளே நடக்கும் மரபணு வேலையைக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் கிடைத்தது.

இந்த வேலையை மாத்திரை செய்யாது, கதவோரம். இதற்குத் தோலில் வெயில் பட வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணுக்குப் பகல் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நிழலில் நின்றாலும் நடக்கும், மேகமூட்டத்திலும் நடக்கும்.

கதவோரம் எழுதியது:

படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்வி. என் அறையில் மூன்று எல்இடி விளக்குகள் இருக்கின்றன. பளிச்சென்றுதான் இருக்கிறது. அந்த வெளிச்சம் போதாதா?

ஒளிமானி எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். படம் எடுப்பது என் தொழில், வெளிச்சம் அளக்கும் கருவி எப்போதும் பையில் இருக்கும். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அதை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். நேரம் காலை எட்டே முக்கால், வானத்தில் மெல்லிய மேகம்.

மேசையில் நாற்காலிக்கு நேரே, எல்லா விளக்கும் எரிய: 210 லக்ஸ். ஜன்னலிலிருந்து இரண்டு அடி தள்ளி, துணி விலக்கி: 1,300. அதே ஜன்னலிலிருந்து எட்டடி உள்ளே வந்தால் 240க்கு இறங்கிவிட்டது. பால்கனியில் கூரை நிழலில்: 5,200. வெளியே இறங்கி மரத்தடியில்: 8,000க்குப் பக்கம். திறந்த வானத்தின் கீழ்: 24,000. மேகம் விலகிச் சூரியன் நன்றாக மேலே வந்தால் ஒரு லட்சம் வரை போகும்.

210 எங்கே, 24,000 எங்கே. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் உள்ளே நின்றபோது எனக்கும் அறை பளிச்சென்றுதான் தெரிந்தது. கண் ஏமாற்றுகிறது. கண் பாப்பா சுருங்கும், விரியும், விழித்திரையும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதனால் வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. படம் எடுக்கப் பழகும் காலத்தில் என்னை மிகவும் தொல்லைப்படுத்தியது இதுதான். வெளிச்சம் இருக்கிறது என்று கண் சொல்லும், கேமரா இல்லை என்று சொல்லும். ஒவ்வொரு முறையும் கேமரா சொன்னதுதான் சரி.

முதல் வேலையாக அந்தத் துணியை விலக்குங்கள். மேசையைத் திருப்பி, ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்படி போடுங்கள். திரையில் கூசாது, முகத்தில் வெளிச்சம் விழும். கைபேசியிலும் லக்ஸ் அளக்கச் செயலிகள் உண்டு. துல்லியம் குறைவு, ஆனால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அது போதும்.

செவ்வந்தி எழுதியது:

ஒளிமானி, இந்தப் பதிவை என் வகுப்பில் காட்டப் போகிறேன்.

கதவோரம் சொன்ன "எதிலும் ஒட்டாத மனநிலை" பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் பகல் சுருங்கும் நாடுகளில் வருடம் தவறாமல் அந்த மாதங்களில் மட்டும் மனச்சோர்வு வந்து, வசந்தத்தில் விலகும் ஒரு நிலை உண்டு. நார்மன் ரோசென்தால் குழுவினர் 1984இல் அதை விவரித்தார்கள். 10,000 லக்ஸ் விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்கார வைப்பது அதற்கு இன்றும் நடைமுறையில் உள்ள சிகிச்சை. ஒளிமானியின் மரத்தடிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த விளக்கு தருவதை வெளியே ஒரு சாதாரணக் காலை தந்துவிடும். ஆனால் மனச்சோர்வு ஆழமாக இருந்தால், வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், வெளிச்சத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

தும்பை எழுதியது:

குழந்தைகள் பற்றி யாரும் எழுதவில்லையே என்று உள்ளே வந்தேன்.

என் மகளுக்கு ஏழு வயதில் கண்ணாடி போட்டோம். ஒன்பது வயதில் மைனஸ் இரண்டரை. ரொம்பப் படிக்கிறாள், அதனால்தான் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கண் மருத்துவர் வேறு கேள்வி கேட்டார்: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியே இருக்கிறாள்? யோசித்துப் பார்த்தேன். வீட்டு வாசலிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து பள்ளி, அதே வழியில் திரும்பி வீடு. என்னால் பதிலே சொல்ல முடியவில்லை.

2008இல் வெளியான ஓர் ஒப்பீட்டை அவர் சொன்னார். சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறேழு வயதுக் குழந்தைகளைச் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் பார்த்தார்கள். சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். சிட்னிக் குழந்தைகள்தான் அதிகப் புத்தகம் படித்தவர்கள்! பெரிய வித்தியாசம் வெளியே இருந்த நேரத்தில் இருந்தது. சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம், சிங்கப்பூரில் 3.05. ஒப்பீடு மட்டும் போதாது என்று சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் சோதனையே செய்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு. மூன்று வருடம் கழித்துப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5. இந்த முடிவு 2015இல் வெளியானது.

பகல் வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது, கண் விழி நீளவாக்கில் வளர்வதை அது கட்டுப்படுத்துகிறது என்பதுதான் இப்போதைய வலுவான விளக்கம். இங்கும் மாத்திரைக்கு இடமில்லை.

வருத்தமான விஷயம், இது கிட்டப்பார்வை வருவதைத்தான் நன்றாகத் தள்ளிப்போடுகிறது. வந்துவிட்ட கண்ணில் பலன் குறைவு. என் மகளுக்கு நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். சின்னவனுக்கு இப்போது ஐந்து வயது. தினமும் இரண்டு மணி நேரம் அவனை வெளியே விட்டுவிடுகிறேன். தொப்பி உண்டு, நிழலில்தான் விளையாட்டு. அவன் எறும்பு பின்னால் போகிறான், நான் அவன் பின்னால் போகிறேன்.

மேற்கூரை எழுதியது:

எல்லாம் படித்தேன். நல்ல விஷயங்கள்தான். ஆனால் இன்னொரு பக்கத்தையும் யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும்.

நான் 26 வருடம் கூரை வேலை செய்தவன். தொப்பி இடைஞ்சல் என்று கழற்றி வைத்துவிடுவேன். மூக்கின் ஓரத்தில் முத்துபோல மினுமினுப்பாகச் சின்னப் பரு வந்தது. ஆறும், மறுபடி பொருக்குத் தட்டும், லேசாக ரத்தம் வரும். எட்டு மாதம் அதைச் சவரக் காயம் என்றே நினைத்தேன். வெட்டி எடுத்துச் சோதித்ததில் அடித்தளச் செல் புற்றுநோய். தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். பரவும் வகை இல்லை என்பதால் பிழைத்தேன். கூடவே வேலை பார்த்த நண்பருக்குக் காதில் வந்தது வேறு வகை, அது கழுத்து நிணநீர்க் கட்டிக்குப் போய்விட்டது.

சூரியக் கதிர் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1992இலேயே வகைப்படுத்திவிட்டது. தோலைப் பழுப்பாக்கும் செயற்கைப் படுக்கைகளையும் 2009இல் அதே முதல் வகையில் சேர்த்தது. தடுக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 1,621 பேரை வைத்து 1990களில் ஒரு சோதனை நடந்தது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குச் செதிள் செல் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்தது.

வெளியே போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் என்றால் தொப்பி, முழுக்கை, நிழல் மூன்றையும் மறக்காதீர்கள். வானிலைச் செயலியிலேயே அந்த எண் இருக்கிறது. தோலில் நாலு வாரமாக ஆறாத புண் இருந்தால் காட்டிவிடுங்கள். என்னைப்போல எட்டு மாதம் விடாதீர்கள்.

நத்தைக்கூடு எழுதியது:

மேற்கூரை அண்ணா, படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. ஆனால் ஸ்வீடனில் வெயிலைத் தவிர்த்த பெண்கள்தான் அதிகம் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு உண்டே? ரத்த அழுத்தம்கூட வெயிலில் குறையும் என்கிறார்களே. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது?

செவ்வந்தி எழுதியது:

நல்ல கேள்வி. அந்த ஆய்வு இருக்கிறது. 29,518 பெண்களை இருபது வருடம் தொடர்ந்து பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். வெயிலை முற்றிலும் தவிர்த்தவர்களின் இறப்பு விகிதம், அதிகம் வெயிலில் இருந்தவர்களைவிடச் சுமார் இரு மடங்கு. ஆனால் யார் வெளியே போகிறார்கள் என்று யோசியுங்கள். நடக்கத் தெம்புள்ளவர்கள் போகிறார்கள், நோயில் படுத்தவர்கள் போவதில்லை. எவ்வளவுதான் கணக்கில் சரிசெய்தாலும் இது முழுதாக நீங்காது. வெயில்தான் காப்பாற்றியது என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன்.

ரத்த அழுத்தத்தில் விஷயம் கொஞ்சம் திடமாக இருக்கிறது. எடின்பரோவின் ரிச்சர்ட் வெல்லர் குழுவும் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களும் 24 பேர் தோலில் ஏ கதிர் படவைத்துப் பார்த்தார்கள். தோலில் சேமிப்பில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு ரத்தத்துக்குள் இறங்கியது, ரத்தக் குழாய் விரிந்து அழுத்தம் சிறிது இறங்கியது. வைட்டமின் டி அளவில் மாற்றமே இல்லை. ஆக இது வேறு வழி. ஆனால் 24 பேர், குறுகிய நேரம். இதை நம்பி யாரும் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மறுபக்கம், வைட்டமின் டி மாத்திரையை 25,871 பேருக்குச் சோதித்த பெரிய அமெரிக்க ஆய்வு 2018இல் வெளிவந்தது. தினமும் 2,000 அலகு, ஐந்து வருடத்துக்கு மேல். புற்றுநோயும் மாரடைப்பும் வருவது குறையவில்லை. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு முதலிலேயே குறைபாடு இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கதவோரத்துக்கு 11 இருந்தது, அவருக்கு மாத்திரை தேவைப்பட்டது, வேலையும் செய்தது. குறைபாட்டை நிரப்ப மாத்திரை நல்லது. பகல் பொழுதுக்கு அதை ஈடாக வைக்கும்போதுதான் சிக்கல்.

மேற்கூரை சொன்னதோடு இதற்கு முரண்பாடே இல்லை. கண்ணுக்கு வேண்டியது காலையில் கிடைக்கிறது, அப்போது புற ஊதாக் குறியீடு மிகத் தாழ்வு. தோலுக்கு வேண்டியது நிழல் குட்டையான நேரத்தில் சிறிது பொழுது, சிவக்கும் கட்டத்துக்கு வெகு முன்பே முடித்துக்கொள்ள வேண்டியது. நாளெல்லாம் மொட்டை வெயிலில் வேகச் சொல்லி எந்த ஆய்வும் கேட்கவில்லை.

ஏதாவது மருந்து சாப்பிடுபவர்கள் கவனிக்கவும். டாக்சிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதயசைடு, அமியோடரோன், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் எல்லாம் தோலை வெயிலுக்கு எளிதில் புண்படும்படி ஆக்கும். லூபஸ் நோய் உள்ளவர்களுக்கு வெயிலால் நோயே கிளம்பலாம். மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் செய்யுங்கள்.

பழைய ஏடு எழுதியது:

வெயிலை மருந்தாகப் பார்த்த சரித்திரத்தில் எனக்கு ரொம்ப நாளாக ஆர்வம். இரண்டு சம்பவம் மட்டும் சொல்கிறேன்.

1919இல் பெர்லினில் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், எலும்பு வளைந்து ரிக்கெட்ஸ் நோயில் இருந்த குழந்தைகளுக்குப் பாதரச விளக்கின் புற ஊதாக் கதிரைக் காட்டினார். எலும்பு உறுதியாகத் தொடங்கியது. ஒரு கையில் மட்டும் கதிர் படவைத்தபோது, படாத கையின் எலும்பும் தேறியதை எக்ஸ்-ரேயில் கண்டார். தோலில் உண்டான ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகிறது என்று அதிலிருந்து புரிந்தது. வைட்டமின் டி என்ற பெயர் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால்!

இன்னொன்று 1950களில், இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனை. ஜே. வார்டு என்ற தலைமைச் செவிலி, வெயில் நன்றாக இருக்கும் நாள்களில் பச்சைக் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒருநாள் ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பு வெளிறியிருந்தது, ஒரு முக்கோணம் மட்டும் நல்ல மஞ்சள். துணியின் முனை மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் காமாலை இறங்கியிருந்தது. அதிலிருந்து ஆராய்ந்து 1958இல் நீல ஒளிச் சிகிச்சையை வெளியிட்டார்கள். இன்று உலகமெங்கும் பிறந்த குழந்தைகள் அந்த விளக்கின் கீழ்ப் படுக்கின்றன. ஒரு செவிலி கண்ணால் கவனித்ததிலிருந்து வந்தது இது.

இரவுப்பணி எழுதியது:

பழைய ஏடு, மிக்க நன்றி. இதைப் படிக்கும் இளம் பெற்றோருக்காக ஒன்று. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் தெரிந்தால் வீட்டிலேயே வெயிலில் காட்டிக் காத்திருக்காதீர்கள். பிலிரூபின் என்ற மஞ்சள் பொருளின் அளவு ரத்தத்தில் ஏறினால் மூளையைத் தாக்கும், அளந்து பார்க்காமல் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் தோல் நேரடி வெயிலுக்கு ஏற்றதும் அல்ல.

வாடாமல்லி எழுதியது:

என் அம்மாவுக்கு 81 வயது. இடுப்பு எலும்பு முறிவுக்குப் பிறகு பெரும்பாலும் படுக்கைதான். பகலில் தூங்கி, இரவில் விழித்துக்கொண்டு யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். மூன்று மாதமாக இரவில் எனக்கும் தூக்கம் இல்லை.

இந்த இழையைப் படித்த பிறகு ஒன்பது நாளாகக் காலை எட்டு மணிக்குச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவருகிறேன். வயதான தோலில் வைட்டமின் டி உண்டாவது இளவயதில் உண்டாவதில் பாதிக்கும் கீழே என்று படித்தேன், அதனால் மாத்திரை தனியாகத் தொடர்கிறது. முதல் இரண்டு நாள் கண்ணைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் கையை மடியிலிருந்து எடுத்து வெயில் விழும் இடத்தில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கை இவ்வளவு சுருங்கிப் போச்சா" என்றார். பல வாரம் கழித்து முழுதாக ஒரு வாக்கியம் பேசினார்.

இரவில் கூப்பிடுவது நிற்கவில்லை. ஆனால் நேற்று இரண்டு தடவைதான் கூப்பிட்டார். ஒன்பது நாளில் எதையும் முடிவு கட்டக் கூடாது என்று தெரியும், இருந்தாலும் எழுதத் தோன்றியது.

நத்தைக்கூடு எழுதியது:

உதிக்கும் சூரியனைக் கண்ணிமைக்காமல் பார்த்தால் பலன் அதிகம் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

செவ்வந்தி எழுதியது:

வேண்டவே வேண்டாம். எந்த நேரத்துச் சூரியனையும் நேராக உற்றுப் பார்க்காதீர்கள். கண் வில்லை அந்த ஒளியை விழித்திரையின் நடுப்புள்ளியில் குவித்துவிடும். அங்கே வலி உணரும் நரம்பு இல்லாததால் எரியும்போது தெரியாது. பிறகு எழுத்துப் படிக்கும்போது நடுவில் ஒரு கறை நிற்கும், சிலருக்கு அது போவதே இல்லை. வானம் பார்வையில் இருந்தால் போதும், சூரியன் இருக்க வேண்டியதில்லை.

கதவோரம் எழுதியது:

ஐந்து வாரம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன், நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

துணியை முதல் நாளே கழற்றிவிட்டேன். மடிப்பெல்லாம் தூசி, ஜன்னல் சட்டத்தில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. மேசையைப் பக்கவாட்டில் திருப்பினேன். காலை ஏழரைக்கு எழுந்து நாற்பது நிமிடம் நடக்கிறேன். மேகமான நாளிலும் விடவில்லை. நிழல் குட்டையாகும் நேரத்தில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறேன், முகத்துக்குத் தொப்பி. மேற்கூரை அண்ணா சொன்ன பிறகு தோலையும் ஒருமுறை முழுக்கப் பார்த்துக்கொண்டேன்.

முதல் பத்து நாள் கொடுமை. இரண்டு மணிக்குத் தூங்கி ஏழரைக்கு எழுந்ததால் மதியம் மேசையிலேயே சாய்ந்தேன். மூன்றாவது வாரத்தில் ஒன்றரை, பிறகு ஒன்று. இப்போது பன்னிரண்டு மணிக்குக் கண் அசருகிறது. மந்தம் முழுதாகப் போகவில்லை. மூன்று மணிக்கு ஒரு சோர்வு இன்னும் வருகிறது. ஆனால் காலையில் எழும்போது இருந்த கனம் இல்லை. நேற்று எழுந்ததும் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், மனைவி சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறார்.

ஒரு கேள்வி மட்டும். விடுமுறை நாளில் பத்து மணி வரை தூங்கினால் திங்கட்கிழமை மறுபடி தடுமாறுகிறது. இதற்கு என்ன செய்வது?

இரவுப்பணி எழுதியது:

விடுமுறையிலும் அதே ஏழரைக்கு வெளியே போய்விடுங்கள். தூக்கம் போதாவிட்டால் திரும்பி வந்து மதியத்துக்கு முன்னதாக ஒரு குட்டித் தூக்கம் போடலாம், இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரவு ஒன்பதுக்குப் பிறகு அந்த மூன்று எல்இடியில் இரண்டை அணைத்து வையுங்கள். பன்னிரண்டும் பதினொன்றாக இறங்கும். இறங்கியதும் வந்து எழுதுங்கள்.

வாடாமல்லி, அம்மா எப்படி இருக்கிறார்?

வாடாமல்லி எழுதியது:

இன்று காலை நான் எழுப்பும் முன்பே கேட்டார், "வெளியே போகலையா?" என்று.